தண்டுவடம் அடிபட்ட தம்பி தனியாக வாழ முடியுமா?

மன்னார்குடி பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து ஓர் அக்கா கேட்டிருக்கிறார். அவருடைய 26 வயதுத் தம்பி ஐந்து மாதத்துக்கு முன்னால் தென்னை மரத்திலிருந்து விழுந்துவிட்டார். டி12 இடத்தில், அதாவது மார்புப் பகுதி முதுகெலும்புகளில் கடைசியான பன்னிரண்டாவது எலும்பின் மட்டத்தில், தண்டுவடம் முழுதாக அடிபட்டிருக்கிறது. கம்பியும் திருகும் வைத்து ஆபரேஷன் செய்து, மூன்றே வாரத்தில் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். இடுப்புக்குக் கீழே அசைவும் இல்லை, உணர்ச்சியும் இல்லை. அன்று போட்ட யூரின் டியூப்பை மாதம் ஒருமுறை மாற்றுவதோடு சரி. முதுகின் அடியில் புண் வந்துவிட்டது. 58 வயது அம்மாதான் எல்லாவற்றையும் பார்க்கிறார். மாமா கேரளாவுக்கு எண்ணெய் வைத்தியத்துக்குக் கூப்பிடுகிறார். தம்பி யார் வந்தாலும் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்கிறார். "இவன் தனியாக வாழ முடியுமா? அம்மாவுக்கு அப்புறம் இவனை யார் பார்ப்பது?" என்பது கேள்வி.

முடியும். ஆறுதலுக்காகச் சொல்லவில்லை. டி12 என்றால் இரண்டு கையும், தோளும், மார்பும், வயிற்றுத் தசைகளில் பெரும்பகுதியும் முழு பலத்தோடு இருக்கின்றன. படுக்கையிலிருந்து வீல்சேருக்கு மாறுவது, குளிப்பது, உடுத்துவது, சமைப்பது, பக்கச் சக்கரம் பூட்டிய ஸ்கூட்டரில் டவுனுக்குப் போய் வருவது, சம்பாதிப்பது எல்லாமே இந்த அளவுக் காயத்தோடு தினமும் நடக்கிற காரியங்கள். தென் மாவட்டங்களில் வீடு வீடாகப் போகும் மறுவாழ்வு வேலையில் பல வருஷம் இருந்தவன் நான். இதைவிட மேலே, கழுத்தில் அடிபட்டவர்களே கடை நடத்துவதைப் பார்த்திருக்கிறேன்.

உங்கள் தம்பி படுக்கையில் கிடப்பதற்கு அடிபட்ட தண்டுவடம் பாதிக் காரணம்தான். அடிபட்ட பிறகு எப்படி வாழ்வது என்று அவருக்கு யாருமே சொல்லித்தரவில்லை என்பது மீதிக் காரணம். நம் ஊரில் ஆபரேஷனுக்கு லட்சக்கணக்கில் செலவாகிறது. அதற்குப் பிறகு ஆறு வாரமோ மூன்று மாதமோ நடக்க வேண்டிய மறுவாழ்வுப் பயிற்சியைப் பற்றி டிஸ்சார்ஜ் சீட்டில் "பிசியோதெரபி" என்று ஒரு வார்த்தை இருக்கும், அவ்வளவுதான்.

நடை பற்றி முதலிலேயே பேசிவிடுகிறேன், மாமாவின் யோசனை அதில்தான் வருகிறது. முழுக் காயம் என்று பரிசோதித்து உறுதியாகி ஐந்து மாதமாகியும் கீழே உணர்ச்சியோ அசைவோ துளியும் திரும்பவில்லை என்றால், பழையபடி நடப்பதற்கான வாய்ப்பு மிக மிகக் குறைவு. காலிப்பர் (காலை நேராக நிறுத்தும் கம்பிப் பட்டை) போட்டு, கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கவும் சில அடி எடுத்துவைக்கவும் பயிற்சி தரலாம். அது உடம்புக்கும் மனசுக்கும் நல்லதுதான், ஆனால் கடைத்தெருவுக்குப் போக உதவாது. எண்ணெய் வைத்தியத்தை நான் கெட்டது என்று சொல்லவில்லை. ஆனால் உணர்ச்சி இல்லாத கால், சில மாதத்திலேயே எலும்பு மெலிந்துபோன கால். அதைப் பலமாகப் பிடித்து முறுக்கினால் தொடை எலும்பு முறியலாம், முறிந்தது அவருக்குத் தெரியக்கூடச் செய்யாது. சூடான கிழி ஒத்தடம் தோலைக் கொப்பளிக்க வைக்கும், அதுவும் தெரியாது. "ஸ்டெம் செல் ஊசி போட்டால் எழுந்துவிடுவான்" என்று யாராவது வந்தால் உடனே கதவைச் சாத்துங்கள். தண்டுவடக் காயத்துக்கு அது அங்கீகரிக்கப்பட்ட சிகிச்சை கிடையாது. 2017ஆம் ஆண்டின் தேசிய வழிகாட்டு நெறிகளின்படி அனுமதி பெற்ற ஆய்வுக்கு வெளியே காசு வாங்கிக்கொண்டு அதைப் போடவே கூடாது. நிலத்தை விற்று ஊசி போட்டுவிட்டு, கடைசியில் நல்ல வீல்சேர் வாங்கக் காசில்லாமல் நின்ற குடும்பங்கள் எத்தனையோ.

இப்போது உங்கள் தம்பிக்கு முதலில் தேவைப்படுபவர் டாக்டரும் இல்லை, நானும் இல்லை. இதேபோல அடிபட்டு, நாலைந்து வருஷம் வீல்சேரில் வாழ்ந்து பழகிய இன்னொரு ஆள்.

வார்டில் இதை நேரில் பார்த்திருக்கிறேன். உங்கள் தம்பி போலவே முகத்தைத் திருப்பிக்கொண்டு கிடந்த ஒரு பையன். கவுன்சலிங் செய்ய வந்தவர்களிடம் "சரிங்க சார்" என்பதைத் தவிர ஒரு சொல் பேச மாட்டான். பனையேறியாக இருந்து அடிபட்ட ஒருவர் அன்றைக்கு செக்கப்புக்கு வந்திருந்தார். வீல்சேரைக் கட்டில் ஓரம் நிறுத்தினார். தைரியம், தன்னம்பிக்கை என்று ஒரு வார்த்தை பேசவில்லை. "டியூப் எத்தன மணிக்கொரு தடவ போடுற தம்பி?" என்று கேட்டார். பையன் பதில் சொல்லவில்லை. அவர் பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் சோப்பு டப்பாவை எடுத்துத் திறந்து காட்டினார். உள்ளே கழுவிக் காயவைத்த மூத்திர டியூப், சின்ன ஜெல் ட்யூப், துண்டுத் துணி. "திருச்செந்தூர் போற பஸ்ஸுல கடைசி சீட்டுல உக்காந்து, மேல துண்டப் போட்டுக்கிட்டு இதப் போட்டுருக்கேன். பக்கத்துல இருந்தவனுக்குத் தெரியல" என்றார். பையன் சிரித்துவிட்டான். பிறகு அரைமணி நேரம் இரண்டு பேரும் பேசியது முழுக்க மூத்திரம், மலம், கல்யாணம். நாங்கள் யாரும் பக்கத்தில் போகவில்லை.

உலகம் முழுக்க இந்த வேலை இப்படித்தான் வளர்ந்திருக்கிறது. அமெரிக்காவின் பெர்க்லியில் 1972ல் முதல் சுதந்திர வாழ்வு மையத்தைத் தொடங்கிய கூட்டத்தில் முன்னால் நின்ற எட் ராபர்ட்ஸ், 14 வயதில் போலியோ தாக்கிக் கழுத்துக்குக் கீழே செயலிழந்தவர். அங்கே வேலை செய்தவர்களிலும் பெரும்பாலோர் மாற்றுத்திறனாளிகளே. தனியாக வாழ்வது என்றால் எல்லா வேலையையும் தன் கையாலேயே செய்வது என்று அவர்கள் சொல்லவில்லை. எப்போது எழ வேண்டும், எங்கே போக வேண்டும், யார் உதவ வேண்டும் என்பதை அவரவரே முடிவெடுப்பதைத்தான் கேட்டார்கள். சட்டை போட்டுவிட ஆள் தேவைப்படலாம், எந்தச் சட்டை என்று சொல்வது அவர். மாற்றுத்திறனாளிகள் உரிமைக்காக இந்தியா 2007ல் ஏற்றுக்கொண்ட ஐ.நா. உடன்படிக்கையின் 19ஆம் பிரிவு இதையே உரிமையாகச் சொல்கிறது. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமும் சமூகத்தில் வாழும் உரிமையைத் தனிப் பிரிவாக வைத்திருக்கிறது. உங்கள் வீட்டில் இதை நாளைக்கே தொடங்கலாம். தம்பியைப் பார்க்க வருகிறவர்கள் அம்மாவிடம் "எப்படி இருக்கான்?" என்று கேட்பார்கள். அம்மா பதில் சொல்லக் கூடாது. "அவன்கிட்டயே கேளுங்க" என்று விட்டுவிட வேண்டும்.

தமிழ்நாட்டிலும் இந்த வரலாறு சின்னது இல்லை. வேலூர் சி.எம்.சி.யில் டாக்டராக இருந்த மேரி வர்கீஸ் 1954ல் ஒரு சாலை விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்தார். அதன் பிறகு வீல்சேரில் உட்கார்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவைசிகிச்சை செய்தார். ஆஸ்திரேலியாவுக்குப் போய்த் தன் உடம்பைப் பழக்கிக்கொண்டு, நியூயார்க்கில் மறுவாழ்வு மருத்துவம் படித்துவிட்டுத் திரும்பினார். 1966ல் வேலூர் பாகாயத்தில் மறுவாழ்வு நிலையம் திறந்தது அவருடைய முயற்சியால்தான். அங்கே பழைய நோயாளிகளை வருஷா வருஷம் திரும்ப வரவழைத்து மேளா நடத்துகிறார்கள். உடம்புப் பரிசோதனையும் உண்டு, விளையாட்டும் உண்டு. புதிதாக அடிபட்டவர் பத்து, இருபது வருஷமாக வாழ்ந்துகொண்டிருப்பவர்களைக் கூட்டமாகப் பார்ப்பதுதான் அந்த மேளாவில் பெரிய மருந்து என்பேன்.

தென்காசி பக்கம் ஆய்க்குடியில் இருக்கும் அமர் சேவா சங்கத்தைத் தொடங்கிய எஸ். ராமகிருஷ்ணன், 1975ல் கடற்படை அதிகாரித் தேர்வின் உடல் சோதனையில் விழுந்து கழுத்துக்குக் கீழே செயலிழந்தவர். 1981ல் அதை ஆரம்பித்தார். தனக்குச் சிகிச்சை அளித்த விமானப்படை மருத்துவர் அமர்ஜித் சிங் சாஹலின் பெயரை வைத்தார். தண்டுவடக் காயத்துக்குப் பிந்தைய தங்கும் பயிற்சி அங்கே இருக்கிறது. திருவண்ணாமலையில் ப்ரீத்தி ஸ்ரீனிவாசன் 2013ல் தொடங்கிய சோல்ஃப்ரீ அமைப்பும் அப்படித்தான். தமிழ்நாடு 19 வயதுக்குட்பட்டோர் மகளிர் கிரிக்கெட் அணியின் தலைவியாக இருந்தவர், 1998ல் கடலில் விழுந்து கழுத்தில் அடிபட்டவர். மாடியில், பின்கட்டில் விடப்பட்டுச் செத்துப்போகும் பெண்களைப் பற்றி உரக்கப் பேசியவர் அவர். ஈழத்தில், போரில் அடிபட்டவர்கள் தாங்களே கூடி 'உயிரிழை' என்ற அமைப்பை நடத்துகிறார்கள். முள்ளந்தண்டு வடம் பாதிக்கப்பட்டவர்களை முள்ளந்தண்டு வடம் பாதிக்கப்பட்டவர்களே பார்த்துக்கொள்கிறார்கள். வங்காளதேசத்தில் வேலரி டெய்லர் 1979ல் தொடங்கி, இப்போது சாவர் என்ற ஊரில் நடக்கும் மையத்தில் ஒரு நல்ல ஏற்பாடு உண்டு. நோயாளி நேராக வீட்டுக்குப் போவதில்லை. கிராமத்து வீடு போன்ற இடத்தில் கொஞ்ச நாள் வாழ்ந்து பார்த்துவிட்டுத்தான் போகிறார். நம் ஊர் அரசு மருத்துவக் கல்லூரிகள் ஒவ்வொன்றிலும் இப்படி நாலு அறை கட்டினால் படுக்கைப்புண் வார்டு பாதி காலியாகிவிடும் என்று எனக்கு எப்போதும் தோன்றும்.

ஆகவே முதல் வேலை: புண் ஆறி வரும்போதே இப்படித் தங்கிப் பயிற்சி பெறும் இடம் ஒன்றில் தம்பிக்கு இடம் கேளுங்கள். போகும்போது அம்மாவை மட்டும் அனுப்பாதீர்கள். நீங்களோ அவருடைய கூட்டாளி ஒருவரோ ஒரு வாரமாவது இருந்து பார்த்துக் கற்றுக்கொள்ளுங்கள்.

அதுவரை வீட்டில் செய்ய வேண்டியதைச் சொல்கிறேன்.

புண். உட்காரும் எலும்பு, முதுகின் அடி, இடுப்பின் பக்கவாட்டு, குதிகால் ஆகிய நாலு இடமும்தான் எதிரி. படுத்திருக்கும்போது இரண்டு மணிக்கொரு முறை புரட்டிப் படுக்க வேண்டும். முதுகின் அடியில் புண் இருப்பதால் மல்லாந்து படுப்பதே வேண்டாம். இரண்டு பக்கமும் மாறி மாறிப் படுக்கட்டும், டாக்டர் சரி என்றால் குப்புறவும். குப்புறப் படுப்பது இடுப்பு மடங்கி இறுகிப்போவதையும் தடுக்கும். தலைமாட்டைப் பாதி உயர்த்திச் சாய்ந்தபடியே செல்போன் பார்ப்பதுதான் இந்த இடத்துப் புண்ணுக்குப் பெரிய காரணம். உடம்பு கீழே சரிந்து சரிந்து தோல் கிழிகிறது. மெடிக்கல் கடையில் வளையம் போல நடுவில் ஓட்டை வைத்த காற்றுத் தலையணை கொடுப்பார்கள். வாங்காதீர்கள். ஓட்டையின் விளிம்பு சுற்றியுள்ள ரத்த ஓட்டத்தை அழுத்தி, புண்ணைப் பெரிதாக்கும். வீல்சேரில் உட்காரத் தொடங்கிய பிறகு, கால்மணிக்கொரு முறை கையை ஊன்றி உடம்பைத் தூக்க வேண்டும், அல்லது முன்னால் நன்றாகக் குனிந்து ஒரு நிமிஷமோ இரண்டு நிமிஷமோ இருக்க வேண்டும். தினமும் காலையும் இரவும் ஒரு கைக்கண்ணாடியைப் பிடித்துத் தன் பின்பக்கத்தைத் *தானே* பார்க்க வேண்டும். அம்மா பார்த்துச் சொல்வது வேறு. சிவந்த இடம் அரைமணியில் மறையவில்லை என்றால், அது மறைகிறவரை அந்த இடத்தில் பாரம் கூடாது. புண்ணில் எலும்பு தெரிந்தாலோ, நாற்றம் வந்தாலோ, காய்ச்சல் இருந்தாலோ வீட்டு வைத்தியத்தை நிறுத்திவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். இன்னொன்று, வெயிலில் நின்ற சிமென்ட் திண்ணை, பைக் சைலன்சர், மடியில் வைத்த சாதத் தட்டு எல்லாமே சுடும்.

மூத்திரம். ஒரு காலத்தில் தண்டுவடம் அடிபட்டவர்கள் சாவதே கிட்னி கெட்டுத்தான். அதை மாற்றியதில் பெரும்பங்கு ஒரு சின்ன டியூப்புக்கு உண்டு. நாலிலிருந்து ஆறு மணிக்கொரு முறை தானே டியூப்பை விட்டு, மூத்திரப்பையைக் காலி செய்து, எடுத்துவிடும் முறையை 1972ல் அமெரிக்காவில் ஜாக் லாபிடஸ் என்ற சிறுநீரக மருத்துவர் பரப்பினார். கிருமியே இல்லாமல் செய்ய வேண்டும் என்ற அவசியமில்லை, கையைச் சோப்புப் போட்டுக் கழுவினால் போதும், நேரத்துக்குக் காலி செய்வதுதான் முக்கியம் என்று அவர் சொன்னபோது பலர் நம்பவில்லை. இன்றைக்கு அதுதான் உலக வழக்கம். இரண்டு கையும் நன்றாக இருக்கும் உங்கள் தம்பி இதைச் சில நாளில் கற்றுக்கொள்வார். ஒரு தடவைக்கு 400, 500 மில்லிக்கு மேல் சேரவிடக் கூடாது. அளவு தெரிய முதல் சில வாரம் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். நனைந்துவிடுமோ என்று பயந்து தண்ணீர் குடிப்பதைக் குறைப்பார்கள், அது தவறு. நாளுக்கு இரண்டு லிட்டர் அளவு குடித்து, மாலைக்குப் பிறகு குறைத்துக்கொள்ளலாம். ஆனால் இப்போது இருக்கும் டியூப்பை நீங்களாக எடுத்துவிடாதீர்கள். யூராலஜி டாக்டர் மூத்திரப்பையின் அழுத்தத்தைப் பார்த்துச் சொன்ன பிறகு, ஒருவர் கையைப் பிடித்துக் காட்டித்தந்த பிறகு மாறுங்கள். வருஷம் ஒருமுறை வயிற்று ஸ்கேனும், கிட்னி எப்படி இருக்கிறது என்று காட்டும் கிரியாட்டினின் ரத்தப் பரிசோதனையும் ஆயுசுக்கும் வேண்டும்.

மலம். வெளியே போகாமல் வீட்டிலேயே கிடப்பதற்கு நிறையப் பேர் சொல்லாத காரணம் இதுதான்: எங்கே, எப்போது போய்விடுமோ என்ற பயம். உடம்பை ஒரு நேரத்துக்குப் பழக்க முடியும். காலையில் சூடாக ஏதாவது சாப்பிட்டு 20, 30 நிமிஷம் கழித்து, தினமும் அல்லது ஒரு நாள் விட்டு ஒரு நாள் ஒரே நேரத்தில் உட்கார வேண்டும். டி12 பக்கம் அடிபட்டவர்களில் பலருக்குக் கீழ்க்குடல் தளர்ந்த வகையாக இருக்கும். அவர்களுக்கு ஆசனவாயில் மாத்திரை வைத்தாலும் சரியாக வேலை செய்யாது. கையுறை போட்டு, எண்ணெய் தடவிய விரலால் எடுப்பதுதான் வழி. அருவருப்பாக இருக்கிறதா? இரண்டு வாரம் அப்படித்தான் இருக்கும். அதற்குப் பிறகு பல் விளக்குவது போலத்தான். இதையும் அவரே செய்யக் கற்றுக்கொண்ட நாளிலிருந்துதான் அவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுப்பதை நிறுத்துவார் என்பது என் அனுபவம்.

டி6லோ (மார்புப் பகுதியின் ஆறாவது முதுகெலும்பு) அதற்கு மேலேயோ அடிபட்டவர்கள் யாராவது இதைப் படித்தால் அவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. திடீரென்று மண்டை வெடிக்கிற தலைவலி, முகம் சிவந்து வியர்வை, பிரஷர் தாறுமாறாக ஏறுதல் வந்தால் அது உயிருக்கு ஆபத்து. உடனே நிமிர்த்தி உட்கார வைத்து, இறுக்கமான துணியைத் தளர்த்தி, யூரின் டியூப் மடங்கியோ அடைத்தோ இருக்கிறதா என்று பாருங்கள். பெரும்பாலும் காரணம் அதுதான். சரியாகவில்லை என்றால் 108. பல இடங்களில் டாக்டர்களே இதைப் பார்த்திருக்க மாட்டார்கள், நீங்கள்தான் சொல்ல வேண்டியிருக்கும்.

வீட்டுக்கு வருவோம். தஞ்சை, திருவாரூர்ப் பக்க வீடுகளில் திண்ணை உயரம். ஓர் அடி ஏற 12 அடி நீளச் சரிவு என்பது கணக்கு. இரண்டடித் திண்ணைக்கு 24 அடி வேண்டும், வாசலில் அவ்வளவு இடம் இருக்காது. கொல்லைப்புறத்தைப் பாருங்கள். அங்கே தரை மேடாக இருந்தால் பத்து அடியில் வேலை முடிந்துவிடும். அல்லது நடுவில் ஒரு தளம் விட்டு மடித்துக் கட்டலாம். செங்குத்தாக நாலடியில் ஒரு சரிவு போட்டுவிட்டு "ரேம்ப் போட்டாச்சு" என்று சொல்லும் கொத்தனாரை நம்பாதீர்கள், அதில் ஏறினால் பின்பக்கமாகக் கவிழும். அரசுக் கட்டடங்களிலேயே அப்படித்தான் போட்டு வைத்திருக்கிறார்கள். கக்கூஸ் கதவு இரண்டேமுக்கால் அடியாவது அகலம் வேண்டும். கதவை எடுத்துவிட்டுத் திரை மாட்டினால் அதிலேயே சில அங்குலம் கிடைக்கும். நாட்டுக் கக்கூஸை இடிக்க வேண்டாம். நடுவில் ஓட்டை போட்டு, மெத்தை வைத்துத் தைத்த நாற்காலி ஒன்றை அதன் மேல் நிறுத்தினால் போதும், உள்ளூர் வெல்டர் செய்துவிடுவார். மெத்தை இல்லாமல் மட்டும் செய்யாதீர்கள். கட்டிலின் உயரமும் வீல்சேர் சீட்டின் உயரமும் ஒன்றாக இருக்கட்டும். வாசல் மணலாக இருந்தால் சக்கரம் புதையும், தெரு வரைக்கும் நாலு கடப்பாக்கல்லைப் பதித்துவிடுங்கள்.

வீல்சேர். ஆஸ்பத்திரியில் பார்க்கும் கனமான மடக்கு நாற்காலி தள்ளிக்கொண்டு போகப்படுவதற்காகச் செய்தது. தானே ஓட்டுகிறவருக்கு இடுப்பளவுக்குப் பொருந்திய, எடை குறைந்த நாற்காலி வேண்டும். அளவு பெரிதாக இருந்தால் உடம்பு ஒரு பக்கம் சாய்ந்து முதுகு கோணும். சென்னை ஐ.ஐ.டி.யில் உருவான நியோஃப்ளை அளவெடுத்துச் செய்து தரும் வகை. அதன் முன்னால் பூட்டும் நியோபோல்ட் மோட்டார் நாற்காலியைத் தெருவில் ஓடும் வண்டியாக்குகிறது, ஒரு சார்ஜில் 30 கிலோமீட்டர் வரை போகும். இரண்டும் சேர்ந்து வெளிவந்தபோதே லட்சத்தை நெருங்கிய விலை. நாற்காலியைவிட முக்கியம் அதன் மேல் வைக்கும் குஷன். காசு குறைவென்றால் குஷனில் குறைக்காதீர்கள்.

பணம். மருத்துவச் சான்றும், மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய அடையாள அட்டையான யு.டி.ஐ.டி.யும் வாங்கிய பிறகு, கலெக்டர் ஆபீஸில் இருக்கும் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் மாதம் 2000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகைக்கும், பக்கச் சக்கரம் பூட்டிய பெட்ரோல் ஸ்கூட்டருக்கும் மனுக் கொடுங்கள். மனு கொடுத்த அடுத்த மாதமே வரும் என்று கணக்குப் போடாதீர்கள். ரசீதை வைத்துக்கொண்டு நச்சரிக்க வேண்டியிருக்கும். அரசின் 'உரிமைகள்' திட்டத்தில் 'விழுதுகள்' என்ற பெயரில் சேவை மையங்கள் திறந்து வருகிறார்கள். உங்கள் வட்டாரத்தில் இருந்தால் பிசியோதெரபிக்கு அலைச்சல் குறையும். டவுன் பஸ்ஸில் அவருக்கும் கூட வருபவருக்கும் டிக்கெட் இல்லை. ஆனால் படியேறித்தான் போக வேண்டும், அதனால்தான் ஸ்கூட்டர் முக்கியம்.

நிறையப் பேர் தவறவிடும் ஒன்று உண்டு. தம்பியின் பேங்க் பாஸ்புக்கை எடுத்து மே, ஜூன் மாதங்களில் 20 ரூபாய் பிடித்திருக்கிறார்களா என்று பாருங்கள். அது பிரதம மந்திரி சுரக்ஷா பீமா. இரண்டு காலும் நிரந்தரமாகச் செயலிழந்தால் 2 லட்சம் தர வேண்டிய காப்பீடு. தன் பெயரில் அது ஓடுவதே பலருக்குத் தெரியாது. விபத்து நடந்த உடனே கேட்டிருக்க வேண்டும்தான், ஐந்து மாதமாகிவிட்டாலும் ஆஸ்பத்திரிக் காகிதங்களோடு போய் எழுதிக் கொடுங்கள். தென்னை ஏறுபவர்களுக்கு தென்னை வளர்ச்சி வாரியத்தின் 'கேரா சுரக்ஷா' காப்பீடும் உண்டு, அதில் சேர்ந்திருந்தாரா என்று விசாரியுங்கள். இதே காயம் சாலை விபத்தில் வந்திருந்தால் வழி வேறு. விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் மனு போட வேண்டும், 2022 ஏப்ரலிலிருந்து அதற்கு ஆறு மாதக் கெடு சட்டத்தில் இருக்கிறது. பார்த்துக்கொள்ளும் ஆளுக்கு ஆகும் செலவையும் ஆயுள் முழுவதற்கும் கணக்கிட்டுக் கேட்கலாம், 2020ல் உச்ச நீதிமன்றமே அப்படிக் கணக்கிட்டுக் கொடுத்திருக்கிறது.

பெண்களுக்கு அடிபட்டால் கதை கசப்பு. ஆணுக்கு அம்மாவோ மனைவியோ இருப்பார்கள், பெண்ணைப் பிறந்த வீட்டில் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போகும் புருஷன்கள்தான் அதிகம். உதவித்தொகையும் வீல்சேரும் அவளுக்குக் கேட்க வீட்டில் யாருக்கும் தோன்றாது. அடிபட்ட பெண்ணுக்குச் சில மாதத்தில் மாதவிலக்கு திரும்ப வரும், பிள்ளை பெறவும் முடியும். இது பல டாக்டர்களே சொல்லாத செய்தி. ஆண்களுக்கும் தாம்பத்தியமும் பிள்ளையும் முடியாத காரியங்கள் இல்லை, மருத்துவ உதவி தேவைப்படலாம். உங்கள் தம்பி இதை அக்காவிடம் கேட்க மாட்டார். அந்தச் சோப்பு டப்பாக்காரர் மாதிரி ஒருவரிடம் கேட்பார்.

"செத்துப்போகலாம்" என்று அவர் சொல்லியிருந்தால் அதைப் பேச்சு என்று விட்டுவிடாதீர்கள். 14416 என்ற அரசின் மனநல உதவி எண்ணில் எந்நேரமும் தமிழில் பேசலாம். மரத்தில் ஏறிப் பிழைத்தவர், நாளெல்லாம் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடக்கிறார். வேலை என்று ஏதாவது ஒன்று கைக்கு வர வேண்டும். முதல் மாதத்தில் தேங்காய் உரித்தாலும் போதும். எடை போட்டுக் கணக்கு எழுதட்டும். மரமேறி ஆட்களை அவருக்குத் தெரியும், வியாபாரிகளையும் தெரியும், யார் தோப்பில் எப்போது வெட்டு என்பது மனப்பாடம். செல்போன் ரிப்பேர் கற்றுக்கொள் என்று ஆளாளுக்குச் சொல்வார்கள், எல்லா மாற்றுத்திறனாளிக்கும் அதையேதான் சொல்வார்கள். தேங்காய் வாங்கி விற்பதில் அவருக்கு இருக்கும் பிடி அதில் வருமா என்று அவரையே கேளுங்கள்.

அம்மாவுக்கு அப்புறம் என்ன என்று கேட்டிருந்தீர்கள். மேலே சொன்ன மூன்றும், புண் பார்ப்பதும் டியூப்பும் மலமும், தம்பியின் கைக்கு வந்துவிட்டால் மிச்சம் இருப்பது சமையல், துணி, தண்ணீர் தூக்குவது, அவ்வளவுதான். அதற்கு ஒரு மணி நேரம் வந்து போகும் ஆள் போதும், சம்பளம் கொடுத்து வைத்துக்கொள்ளலாம். அந்த ஆளை அம்மா இருக்கும்போதே, இப்போதே, வாரம் இரண்டு நாளாவது வரவழையுங்கள். என்ன செய்ய வேண்டும் என்று அவருக்குச் சொல்வது தம்பியாக இருக்கட்டும். அம்மா அந்த இரண்டு நாளும் உங்கள் வீட்டில் வந்து இருக்கட்டும். அவருடைய முதுகும் தேய்ந்துகொண்டுதான் இருக்கிறது, 26 வயது ஆளை அவர் தூக்கிப் புரட்டுவதை இந்த வாரமே நிறுத்துங்கள். கட்டிலுக்கு மேலே ஒரு கயிற்றையோ பிடியையோ கட்டிக் கொடுத்தால் தம்பியே பிடித்துப் புரள்வார்.